டிசம்பர் பன்னிரண்டாம் தேதிப் பக்கம்

ஜூன் 6

அன்புள்ள இங்வில்ட் அவர்களுக்கு,

ஓட்வார் எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நீங்கள் நலமாக இல்லை என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. நானும் அப்படித்தான். ஆகவே அந்தச் சம்பிரதாயத்தை இரண்டு பேருமே விட்டுவிடுவோம்.

சோல்ஃப்ரிட்டை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகிறது. அதற்கு இரண்டாம் நாள் மே பதினேழு, நம் தேசிய தினம் வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடியும் வாத்தியமுமாக எங்கள் தெரு வழியே ஊர்வலம் வந்தார்கள். என் வீட்டுக்கு முன்னால் மட்டும் வாத்தியத்தை நிறுத்திவிட்டு, பூனை மாதிரி நடந்து போனார்கள். இருபத்தெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டிய என் மனைவிக்கு மரியாதையாம். எனக்கு ஒரே எரிச்சல். அவளுக்கு அந்த முரசுச் சத்தம் என்றால் உயிர். அடியுங்கடா என்று ஜன்னலைத் திறந்து கத்தப் போனேன், அதற்குள் அவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டு ஓஸே இரண்டு நாளுக்கு ஒருமுறை மீன் உருண்டை கொண்டுவந்து தருகிறாள். வேண்டாம் என்றால் அழுதுவிடுகிறாள். அவள் அழாமல் இருப்பதற்காக நான் தின்றுகொண்டிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தீவிர சிகிச்சை வார்டில் நினைவில்லாமல் கிடப்பவர்களுக்காக நீங்கள் நாள்தோறும் எழுதிவைக்கும் அந்த நோட்டில், டிசம்பர் பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தில் பொய் எழுதிவிட்டதாகச் சொல்கிறீர்கள். கண் விழித்தவர்கள் தாங்கள் தொலைத்த நாட்களைத் தெரிந்துகொள்ள அந்த நோட்டு ஒன்றைத்தான் நம்புவார்கள், அதனால் நடந்ததைத் தவிர ஒரு சொல் கூட அதில் எழுதக் கூடாது, அதுதான் உங்கள் வேலையின் முதல் சட்டம் என்கிறீர்கள். தலைமை நர்ஸிடம் நீங்களே போய்ச் சொல்லிவிட்டீர்கள். குடும்பத்தார் சம்மதித்தால் அந்த வரிகளை அடித்துக் கையெழுத்துப் போட்டுவிடு, அத்தோடு விஷயம் முடிந்தது என்று அவர் சொன்னாராம். உங்களுக்குத்தான் முடியவில்லை. நோயாளியின் பக்கத்தில் நிற்க எனக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை முதல் பதிவு அறைக்குப் போகிறீர்களாம். நல்ல கூத்து!

அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். “இன்று ஓட்வார் வந்தார், சோல்ஃப்ரிட். ஒரு மணி நேரம் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெல்லப் பாடினார். நீங்கள் அமைதியாகத் தூங்கினீர்கள்.”

அன்றைக்கு ஓட்வார் எங்கே இருந்தான் என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில், காருக்குள். அவள் நினைவில்லாமல் கிடந்த பதினேழு நாளும் காரோடு படகேறி அக்கரைக்கு வந்தேன், முதல் நாளைத் தவிர ஒரு நாளும் காரை விட்டு இறங்கவில்லை. அந்த முதல் நாள் மேலே வந்தேன். நாற்பது வருஷம் படகு எஞ்சினோடு வாழ்ந்தவன் நான். சத்தத்தை வைத்தே எது நிற்கப் போகிறது என்று சொல்லிவிடுவேன். அவளுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்த அந்த இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்தால் என்னால் வேறு எதையும் கேட்க முடியவில்லை. ஓடிவிட்டேன். வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. கோழை, அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் தேதி நீங்கள் வார்டுச் செருப்போடு பனியில் இறங்கி வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினீர்கள். “உள்ள வாங்க ஓட்வார், குளிருது” என்றீர்கள். “ஹீட்டர் ஓடுதும்மா, எனக்கென்ன குளிரு?” என்றேன். “உங்களுக்கில்ல, எனக்குத்தான் குளிருது” என்று சொல்லிப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டீர்கள். என் பிளாஸ்க் காப்பியை வாங்கிக் குடித்தீர்கள். “அவங்க இன்னிக்கு ரொம்பத் தவிக்கிறாங்க. ஒரு அஞ்சு நிமிஷம் வாங்களேன்” என்றீர்கள். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் திட்டவில்லை. காலி மூடியைத் தந்துவிட்டு மேலே போனீர்கள். அந்த ஒரு மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நீங்கள்தான் என்று இப்போதுதான் எழுதுகிறீர்கள். எழுத வேண்டிய அவசியமில்லை, எனக்கு அது ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் தெரியுமா? சோல்ஃப்ரிட்!

ஜனவரியில் வீடு வந்ததும் அவள் அந்த நோட்டைத்தான் கையில் வைத்திருப்பாள். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் என்னைக் கிண்டல் செய்வாள். “பாடினியாமே? அந்தக் கட்டைத் தொண்டைய வச்சுக்கிட்டா? மத்த நோயாளிங்கல்லாம் பொழைச்சாங்களா?” என்பாள். ஆமா பாடினேன், போடி என்பேன். நீங்கள் ஒரு தடவை பொய் எழுதினீர்கள். நான் எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

மார்ச்சில் அவள் நுரையீரல் மறுபடி கெட்டது. இனி அந்த இயந்திரம் வேண்டாம், வீட்டில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டாள். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலையில் நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: “அந்தக் கையில அஞ்சு விரலும் முழுசா இருந்துச்சு, ஓட்வார்.”

என் வலது சுண்டுவிரலில் பாதி இல்லை. இளவயதில் வலை இழுக்கும் உருளை தின்றுவிட்டது. உங்களுக்கு எப்படித் தெரியும், காரில் நீங்கள் பார்த்தபோது கையுறை போட்டிருந்தேன். முப்பத்தாறு வருஷம் அந்தக் கையைப் பிடித்தவளுக்குத் தெரியாதா? மற்றதெல்லாம் கன்னாபின்னா என்று கனவு, அந்தக் கை மட்டும் நிஜம் என்றாள்.

கோபமில்லையா என்று கேட்டேன். “ரெண்டு மாசம் கோவமாத்தான் இருந்தேன். நீ எங்க கவனிச்ச?” என்றாள். பிறகு, “அந்தக் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் அன்னிக்குக் கெடந்தேன். இல்லேன்னா போயிருப்பேன். அந்தப் பொண்ணுகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாத, வெக்கப்படும்” என்றாள். சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். நீங்கள் வார்டை விட்டுப் போகிறேன் என்று எழுதியதால்தான் இன்றைக்கு அந்த வாக்கை மீறுகிறேன். அவள் என்னை மன்னித்துக்கொள்ளட்டும், அது அவளுக்குப் பழக்கம்தான்.

கடைசியாக ஒன்று சொன்னாள், அதைக் கேளுங்கள். “அந்தப் பொண்ணு எழுதினதை நீ இன்னும் செய்யல. எப்பச் செய்யப் போற?”

மே ஒன்பதாம் தேதி, மத்தியானம். மாவட்ட நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டு, இனி அதிக நேரம் இல்லை என்று என் தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். ஓடவில்லை, இங்வில்ட். பாடினேன். பேருந்தில் பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் பாட்டு, எனக்கு அது ஒன்றுதான் முழுசாகத் தெரியும். இரண்டாவது அடியில் அவள் கண்ணைத் திறக்காமலே, “ரொம்ப மோசம்” என்றாள். நிறுத்தட்டுமா என்றேன். வேண்டாம் என்பதாகக் கையை அழுத்தினாள். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே பாடியிருப்பேன். அமைதியாகத் தூங்கினாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். குடும்பத்தார் சம்மதம் கேட்டிருந்தீர்கள். குடும்பம் என்று இனி நான் ஒருவன்தான். அந்த வரிகளை அடிக்க நான் சம்மதிக்கமாட்டேன். டிசம்பர் பன்னிரண்டுக்கு நேரே அன்றைக்கு உள்ளபடி நடந்ததை எழுதுங்கள்: பக்கத்தில் இருந்தது யார், பிடித்தது யார் கை என்று, உங்கள் பெயரைப் போட்டு. அவள் உயிரோடு எனக்குக் கிடைத்த ஐந்து மாதம் அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. அப்படிப்பட்டவர் பதிவு அறையில் உட்கார வேண்டாம், வார்டுக்குத் திரும்பிப் போங்கள் என்று இந்தக் கிழவன் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறான்.

முன்பு எழுதிய வரிகளில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். தேதி மட்டும்தான் தவறு. மே ஒன்பது என்று திருத்தி, கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

ஓட்வார்