அப்பால பேசறேன்

ஜூன் 3, செவ்வாய்

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. காற்று ரோட்டுப் பக்கமிருந்து. லாரித் தூசி முழுக்க எங்கள் சந்துக்குள். கழுத்துத் துணியை இரண்டு தடவை நனைத்தாயிற்று.

இந்த நோட்டின் முன்பக்கம் ஊருக்குக் காட்ட. பின்பக்கம் எனக்கு. பின்பக்கத்தை மல்லிகாகூடப் படிக்கக் கூடாது. படிப்பாள். (பெண்டாட்டி. இனி ம.)

ஆபரேஷன் முடிந்து நாலு மாதம். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மூச்சு இப்போது கழுத்து ஓட்டை வழியாக. பேச்சு போயிற்று. வாசனை தெரியாது. சூடான டீயை ஊதிக் குடிக்கவும் முடியாது. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு கேட்டில் இருபது வருஷம் லாரிகளைக் கத்திக் கத்தி வரிசையில் நிறுத்தியவன் நான். இப்போது அதே கேட்டில் குந்தி கன்டெய்னர் கதவு சீல் நம்பர் எழுதுகிறேன். வேலையை விட்டு அனுப்பாததே பெரிது என்கிறார்கள். சொல்கிறவர்களுக்குத் தொண்டை நன்றாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா: "எது கஷ்டமா இருக்கு, எப்படி சமாளிச்சீங்கன்னு தினம் எழுதுங்க சார்." சரி.

1. டீக்கடை. ஒரு விரல் காட்டினால் டீ. உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் சர்க்கரை கம்மி. பாய் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். கடையில் கூட்டம் இருந்தால் முதலில் பாய் கண்ணில் படும்படி நிற்க வேண்டும், பிறகுதான் விரல்.

2. பேச வராதவனுக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக் கத்துகிறவர்கள். நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டவும்: "எனக்குப் பேச வராது. காது நன்றாகக் கேட்கும்." படித்துவிட்டு இன்னும் பலமாகக் கத்துவார்கள். அதற்கு மருந்து இல்லை.

3. "தண்ணியா, சிகரெட்டா?" என்று விசாரிக்கிறவர்கள். இவர்களுக்கென்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன்: "உங்கப்பன் வூட்டுதா?" ம. கிழித்துப் போட்டுவிட்டாள்.

ஜூன் 4, புதன்

நேற்று எழுதாமல் விட்டது. ஷேர் ஆட்டோவில் பின் சீட்டு நடுவில் உட்காரவே கூடாது. நேற்று சாயங்காலம் டோல்கேட்டில் இறங்க வேண்டியவனை ராயபுரம் வரை கொண்டுபோய்விட்டான். பக்கத்துப் பொம்பளையைத் தொட்டுச் சொல்லவும் பயம். டிரைவர் கடைசியில், "இன்னா பெர்சு, தூங்கிட்டியா?" நோட்டைக் காட்டினேன். பேசாமல் திரும்ப டோல்கேட்டில் கொண்டுவந்து விட்டான். நல்ல மனுஷன்.

4. ஓரத்தில் உட்காரவும். கையில் சாவி. இறங்கும் இடத்தில் கம்பியில் மூன்று தட்டு.

5. வீட்டில் ம.வைக் கூப்பிட. முன்பு வாசலிலிருந்தே "இன்னாமே" என்றால் போதும், தெருவே திரும்பும். டம்ளரில் கரண்டியால் தட்டிப் பார்த்தேன். "நான் இன்னா மாடா?" என்றாள். இப்போது அடுப்பங்கரை லைட் சுவிட்சை அணைத்துப் போடுகிறேன். திட்டிக்கொண்டாவது வருகிறாள்.

ஜூன் 5, வியாழன்

யார்டில் கூட வேலை செய்கிறவருடைய அப்பா இறந்துவிட்டார். மூலக்கொத்தளம் சுடுகாடு வரை போனேன். நாலு மாதத்தில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லாத முதல் இடம். கையைப் பிடித்தேன், தலையை ஆட்டினேன், நின்றேன். மற்றவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

6. சாவுக்குத் தாராளமாகப் போகலாம். கல்யாணத்துக்குப் போகாதே. அங்கே எல்லோருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஜூன் 7, சனி

பகலிலேயே எங்கள் வீட்டுக்குள் இருட்டு, ஜன்னல் கிடையாது. மத்தியானம் கரண்ட் போனது. ம. ஏதோ கேட்டாள். நோட்டில் எழுதி நீட்டினேன். "இருட்டுல இன்னாத்த படிக்கிறது?" சரிதான். அரை மணி நேரம் இரண்டு பேரும் சும்மா குந்தியிருந்தோம்.

நாளை ஞாயிறு. அம்மா போன்.

அம்மா நெட்டுக்குப்பத்தில் தம்பி ஏழுமலையோடு இருக்கிறாள். சர்க்கரையில் கண் போய் நாலு வருஷம். ஞாயிறு பத்து மணிக்கு ஏழுமலை நம்பர் போட்டுக் கொடுப்பான், அம்மா பேசுவாள். அவளிடம் என் ஆபரேஷனைச் சொல்லவில்லை. அப்பா போனது தொண்டைப் புற்றில். வீட்டில் வைத்துப் பார்த்தவள் அம்மாதான். ஏழுமலை முதல் நாளே சொல்லிவிட்டான்: "புத்துன்னு காதுல வுழுந்தா கெய்வி அன்னிக்கே பூடும்ணா."

முதலில், வேலை, ஓவர்டைம் என்று ம. சமாளித்தாள். பிறகு கழுத்தில் வைத்துப் பேசும் மெஷினை ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் பழகக் கொடுத்தார்கள். ஆசையோடு அம்மாவிடம் அதில் பேசினேன். கரகரவென்று ஏதோ வந்தது. அம்மா ஏழுமலையிடம், "யாரோ ராங் நம்பரு, கட் பண்ணுடா." அதோடு சரி. தோல் இறுகிக் கிடக்கிறது, ஆறிய பிறகு பார்க்கலாம் என்று மெஷினையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

7. அம்மா. என் யோசனைதான் இது. போன வருஷம் அம்மாவுக்காக ஏழுமலை போனுக்கு நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று வாட்சப்பில் கிடந்தது. பதினோரு செகண்ட். ம.வின் போனில் அம்மா பேசும்போது, "இருங்கத்த, அவர லைன்ல போடறேன்" என்பாள். என் போனில் அதைப் போட்டுப் பக்கத்தில் பிடிப்போம்:

"யம்மா, வேலைல கீறேன். அப்பால பேசறேன். நீ துன்னியா?"

பின்னால் லாரி ஹாரன். யாரோ டிரைவர், "டேய் மாரி, ஓரம் போடா!"

அம்மா உடனே, "துன்னேன் நைனா. நீ வேலையப் பாரு." லைன் கட்டாகிவிட்டது என்று ம. சொல்லிவிடுவாள். ஐந்து ஞாயிறு இப்படி ஓடிவிட்டது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

நாற்பத்தெட்டு வருஷம் ஓயாமல் பேசிய வாய். மிச்சம் பதினோரு செகண்ட்.

ஜூன் 8, ஞாயிறு

புழுக்கம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு அம்மா போன். ம. வழக்கம்போல லைனில் போடுகிறேன் என்றாள். ரெக்கார்டு ஓடியது. அம்மா "துன்னேன் நைனா" சொல்லவில்லை.

"மல்லிகா, அந்த மாரி யாரு?"

"எந்த மாரித்த?"

"வாரா வாரம் அவன ஓரம் போ, ஓரம் போன்றானுங்களே. இன்னுமா போவல அவன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் சிரிப்பு இப்போது கழுத்திலிருந்து புஸ்ஸென்று காற்றாகத்தான் வரும். அப்புறம் ம. முகத்தைப் பார்த்தேன்.

"அதே ஹாரனு. அதே மாரி. எம்புள்ள கொரல டப்பால போட்டு வச்சிகினு எனக்கு காட்டிகினு கீறீங்களா? அவன் கீறானா, பூட்டானா? அத்த மட்டும் சொல்லு."

"ஐயோ, கீறாருத்த! எம் பக்கத்துலதான் குந்திகினு கீறாரு!"

"அப்ப ஒரு வார்த்த பேச சொல்லு."

வாயைத் திறந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் போன் வைத்திருந்த பலகையில் ஓங்கித் தட்டினேன். "இன்னா சத்தம் அது?" என்றாள் அம்மா. போன் கட்டானது.

கண் தெரியாதவளைக் குரலால் ஏமாற்றப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு இருப்பதே காதுதான். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? முட்டாள். முட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

யார்டில் இரண்டு சீல் நம்பர் தப்பாக எழுதிவிட்டேன். சூப்பர்வைசர் கத்தினார். பதிலுக்குக் கத்த முடியாதவனிடம் கத்துவது சுகம் போலிருக்கிறது.

ஏழுமலை போன் செய்தானாம். ம. சொன்னாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். அம்மா ஞாயிற்றுக்கிழமையே தலைமுழுகிவிட்டாள். ஈரத் தலையோடு ஒரு மூலையில் உட்கார்ந்தவள்தான். சோறு இல்லை, மாத்திரை இல்லை. "நான் எவ்ளோ சொன்னாலும் நம்ப மாட்டேங்குது அண்ணி. எல்லாம் சேந்துகினு மறைக்கிறீங்கன்னுது."

உயிரோடு இருக்கிற எனக்கு என் அம்மா தலைமுழுகியிருக்கிறாள்.

சர்க்கரை உடம்பு. இரண்டு நாள் பட்டினி.

எப்படிப் போய் நிற்பது? பேசினால் நான்தான் என்று தெரியும். பேச முடியாது. எழுதினால் அவளால் படிக்க முடியாது. ம.விடம் எழுதிக் கேட்டேன்: "என்னா பண்றது?" அவள், "மொதல்ல கெளம்பு. அத்தயெல்லாம் அங்க போய் பாத்துக்கலாம்."

ஜூன் 11, புதன்

லீவு. காலை எண்ணூர் பஸ். நெட்டுக்குப்பத்தில் இறங்கியதுமே ம. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் பறப்பது மட்டும் தெரிந்தது, கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டினேன்.

அம்மா சிமெண்டுத் தரையில், சுவரில் சாய்ந்து. தலை வாரவில்லை. பக்கத்தில் தட்டில் இட்லி காய்ந்து கிடந்தது.

"யாரு?"

"நாந்தான்த்த, மல்லிகா. அவர இட்டாந்துகீறேன்."

"எங்க? கொரல் குடுக்க சொல்லு."

அப்போது நான் செய்த காரியத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. நாலு மாதப் பழக்கம். கை தானாகப் போய் நோட்டை எடுத்து, முதல் பக்கத்தைத் திறந்து, அம்மா முகத்துக்கு நேரே நீட்டியது. எனக்குப் பேச வராது. காது நன்றாகக் கேட்கும். அம்மா கண் எங்கேயோ. ஏழுமலை தரையைப் பார்த்தான். அவன் பெண்டாட்டி உள்ளே போய்விட்டாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, ம. வந்து நோட்டைக் கையிலிருந்து வாங்கினாள்.

கீழே உட்கார்ந்து அம்மா கையைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "எவன் கைய எங்கிட்ட குடுக்கறீங்க?"

மறுபடி பிடித்து என் தலையில் வைத்தேன். தடவினாள். நெற்றி, கன்னம். "ஒரே எலும்பா கீது. எம்புள்ளைக்கு இம்மாம் கன்னம்." விரல் தாடையில் இறங்கி, கழுத்துத் துணியில் நின்றது.

"அத்த, வாணாம்," என்றாள் ம.

நான் துணியை அவிழ்த்தேன்.

ஓட்டை விளிம்பில் அம்மா விரல். எனக்கு இருமல் வந்துவிட்டது, அடக்க முடியாது அது, சளி அவள் கை முழுக்கத் தெறித்தது. கையை எடுக்கவில்லை. உள்ளங்கையை அப்படியே ஓட்டைக்கு நேரே வைத்துக்கொண்டாள். மூச்சு வந்து வந்து அவள் கையில் பட்டது. எண்ணுகிறவள் மாதிரி இருந்தாள். ஏழுமலை ஏதோ சொல்ல வந்தான், "சும்மா இர்ரா" என்றாள்.

அப்புறம்: "உங்கப்பனுக்கும் இதே எடம்தான். புத்து."

நாலு மாதமாக நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒளித்த வார்த்தை. அம்மா அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் என் கழுத்தைத் துடைத்தாள். எந்தப் பக்கம் துடைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எங்கிட்டயாடா மறைப்ப? ஆறு மாசம் அந்தாள பாத்தவ நானு. வந்திருந்தா உன்னயும் பாத்துகினு இருந்திருப்பேன்ல?"

அழுதேன். சத்தம் வராது. என் முகத்தில் கை வைத்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ம. சொல்லிக் கொடுத்தாள்: ஒரு தட்டு ஆமா, ரெண்டு தட்டு இல்ல. அம்மா உள்ளங்கையை நீட்டினாள்.

"துன்னியா?"

ஒரு தட்டு.

"நோவுதா?"

இரண்டு தட்டு.

"பொய்யி," என்றாள்.

புது இட்லி வந்தது. ஒன்றரை சாப்பிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

மேகம். மழை இல்லை. 7-ஐ அடித்துவிட்டேன். ம. அந்த மெசேஜை அழித்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். காரணம் எழுதவில்லை.

7. அம்மா. ஞாயிறு ஏழுமலை வீட்டுக்கு நேரில் போக வேண்டும். முடியாத வாரம் போனில் தட்டல்.

கழுத்துத் துணி நாலு தைக்கக் கொடுக்க வேண்டும். ஸ்கேன் செவ்வாய்க்கிழமை. வலப் பக்கம் தாடைக்குக் கீழே ஒரு கட்டி மாதிரி நெருடுகிறது. நேற்று அம்மா விரல் அங்கேயும் கொஞ்சம் நின்றது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ம.விடம் காட்டவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இன்று டியூட்டிக்கு வரச் சொல்லிவிட்டார்கள், பன்னிரண்டு மணிக்கு. நெட்டுக்குப்பம் போக முடியவில்லை.

பத்து மணிக்கு அம்மா. ம. போனைப் பலகையில் வைத்தாள்.

"கீறானா?"

ஒரு தட்டு.

"துன்னியா நைனா?"

ஒரு தட்டு.

"செவ்வாக்கெயம போட்டோ புடிக்கிறாங்களாமே. பயமா கீதா?"

தட்டவில்லை. அம்மாவும் திரும்பக் கேட்கவில்லை.

"மல்லிகா."

"சொல்லுங்கத்த."

"அதப் போடுமே."

"எதத்த?"

"அதான், அந்த மாரி கீறானே. அது."

ம. என்னைப் பார்த்தாள். நான் போனை எடுத்தேன். விரல் சரியாகப் படவில்லை, இரண்டாவது தடவைதான் ஓடியது.

"யம்மா, வேலைல கீறேன். அப்பால பேசறேன். நீ துன்னியா?"

டேய் மாரி, ஓரம் போடா.

"துன்னேன் நைனா," என்றாள் அம்மா. "நீ வேலையப் பாரு."

போன் கட்டாகவில்லை. மூச்சு விடுவது கேட்டது.

"இன்னொரு தபா போடு."

போட்டேன்.