சனிக்கிழமை வரை நிற்கும் பாத்தி

ஒஹாயோ,
மே 16, செவ்வாய்.

அன்பு மகள் கோரினுக்கு,

தொலைபேசியில் பேசினால் நான் பாதியிலேயே உன் பேச்சுக்குத் தலையாட்டிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எழுதப் போவது இவை:

1. பாத்தி கட்டியது.
2. குடியிருப்போர் சங்கத்தின் கடிதமும் என் பதிலும்.
3. எனக்குப் பயமில்லை என்பது.
4. உன்னிடம் ஒரு வேண்டுகோள்.

பாத்தி எட்டடி நீளம், மூன்றடி அகலம். நான்கு மூலையிலும் கட்டைக்கால் நட்டு, பக்கத்துக்கு மூன்று தேவதாருப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகாணியால் இறுக்கினேன். மேல் விளிம்பில் அகலப் பலகை ஒன்று. அடியில் அட்டைப்பெட்டிகளைப் பரப்பி மண் நிரப்பினேன். கடையில் பத்து அங்குலப் பலகை என்றார்கள். மூன்றுக்கு முப்பது என்று கணக்குப் போட்டேன். இழைத்த பிறகு அது ஒன்பதேகால்தான் இருக்கும் என்பது, நாற்பது வருஷம் வடிவியல் நடத்திய எனக்குத் தெரியவில்லை. கட்டி முடித்து அளந்தால் இரண்டேகால் அங்குலம் குறைவு. பிரித்துவிடலாம் என்றேன். உன் அம்மா சக்கர நாற்காலியைப் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்தி, இடது கையை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தாள். "நீ சரியா கட்டியிருந்தா எனக்கு எட்டியே இருக்காது, வெண்டெல். பேசாம நாத்த எடுத்துட்டு வா" என்றாள்.

பின்பக்கம் ஏன் கட்டவில்லை என்று கேட்டாய். அங்கே கறுப்பு அக்ரூட் மரம் நிற்கிறது. அதன் வேர் கசியவிடும் நஞ்சில் தக்காளி வாடிச் செத்துப்போகும். வெயில் விழுவதும் முன்பக்கம்தான். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் தானாகக் கேட்ட ஒரே பொருள் தக்காளி. கடையில் வாங்கிவந்ததை நறுக்கிப் பார்த்துவிட்டு, "இது தக்காளியா, தண்ணி அடைச்ச பலூனா?" என்றாள்.

சங்கத் தலைவி டார்லீன் நேரிலேயே வந்து கடிதத்தைக் கொடுத்தார். வீட்டு முன்புறம் புல்வெளி மட்டுமே இருக்கலாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் அகற்றாவிட்டால் ஆட்களை அனுப்பி அகற்றுவார்களாம். "எனக்கே புடிச்சிருக்கு, மிஸ்டர் ஹாட்ச். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. இன்னைக்குத் தக்காளின்னு விட்டா, நாளைக்குக் கோழி வளப்பாங்க" என்றார். உன் அம்மா உள்ளேயிருந்து, "கோழியா? நல்ல யோசனை. வெண்டெல், குறிச்சு வச்சுக்கோ!" என்று கத்தினாள். டார்லீனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். பன்னிரண்டு வருஷம் முன்பு சங்கக் கூட்டத்தில் அந்த விதிக்கு நானும் கை தூக்கினேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை, எல்லோரும் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். அப்படியே பழகிவிட்டேன். பதில் கடிதத்தை மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் மன்னிப்புதான் அதிகம். கிழித்துவிட்டு நான்காவதாக ஒரே வரி எழுதி அனுப்பினேன்: "பாத்தியை அகற்ற மாட்டேன்."

"ஒரு மரப்பெட்டிக்காக ஊரோட சண்டையாப்பா? பேசாம வீட்ட வித்துட்டு எங்க பக்கத்துல இருக்கற முதியோர் இல்லத்துக்கே வந்துடுங்க" என்றாய். அக்கறையில்தான் சொன்னாய். ஆனால் அங்கே ஜன்னலுக்கு வெளியே யாரோ நட்ட பூச்செடியை அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே பன்னிரண்டு நாற்றுகளையும் இடது கையாலேயே அவள் நட்டிருக்கிறாள். நாங்கள் வரவில்லை, கோரின்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கே நான் பாத்தியின் விளிம்பில் போய் உட்கார்ந்துவிடுவேன். அம்மா நாற்காலியோடு பக்கத்தில் இருப்பாள். என் வேண்டுகோள் இதுதான்: முடிந்தால் வா. எனக்காக யாரிடமும் பேச வேண்டாம். சும்மா வந்து உட்கார். எட்டடிப் பலகை, இடம் இருக்கிறது.

மூன்றாவதாகக் குறித்தது தவறு. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

நீ நன்றாயிருக்க வேண்டும் என்றே எப்போதும் நினைக்கும்,
அப்பா