வெளிக்கயிற்றுச் சிப்பிகள்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் செல்ல வாயாடி, அதாவது என் மனைவி, கேட்கச் சொல்கிறாள்.

கடல் நிறம் மாறியிருக்கிறது. காலையில் படகை எடுத்தால் தண்ணீர் தேநீர்க் கறைபோலத் தெரிகிறது. நச்சுப்பாசி பூத்து, அதைத் தின்று சிப்பியிலும் நஞ்சு ஏறியிருக்குமோ என்று பயம். பண்ணையில் சிப்பி எடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. உன் ஆய்வகம் சரி என்று சொல்லாமல் ஒன்றைக்கூடக் கரையேற்ற மாட்டேன். அதனால்தான் ஐஸ் பெட்டியில் சிப்பிகளும் இந்தக் கடிதமும் சேர்ந்தே வருகின்றன.

சிப்பி வளர்க்கும் கயிறுகளில் கடலைப் பார்த்த வெளிக்கயிற்றில் இறங்கி, கொழுத்ததாகப் பொறுக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்து அனுப்பியிருக்கிறேன். "இது பரிசோதனைக்குப் போற சிப்பியா, இல்ல அண்ணி வீட்டு விருந்துக்குப் போற சிப்பியா?" என்று இவள் கிண்டல் செய்கிறாள். செய்யட்டும். என் அக்கா கைக்குப் போகிற பொருள் ஏனோதானோவென்றா இருக்கும்? கரைப்பக்கம் தேங்கிய தண்ணீரில் கிடக்கிற உள்கயிற்றுப் பொடிசுகள் எப்போதும்போல எங்கள் வீட்டு அடுப்புக்கு.

சீக்கிரம் நல்ல பதில் போடு.

உன் தம்பி


ஜூன் 7

அன்புத் தம்பிக்கு,

பெட்டியைத் திறந்ததும் ஆய்வகமே கூடிவிட்டது. "உங்க தம்பி சிப்பிதானே மேடம்? இதைப் போய் அரைக்கணுமா?" என்று என் உதவியாளர்ப் பெண்ணுக்கு மனசே வரவில்லை.

அரைத்துவிட்டேன். எல்லாவற்றையும் ஒன்றாக விழுதாக்கி, அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து, சுழற்றித் தெளிந்த நீரை இயந்திரத்தில் ஏற்றினேன். நஞ்சு இருந்தால் திரையில் கோடு மேடாக எழும்பும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கோடு படுத்தே கிடந்தது. இந்த நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது, அதனால்தான் இத்தனை பாடு. இனிக் கவலையில்லை. தாராளமாக விற்கலாம், சாப்பிடலாம்.

வாயாடியிடம் சொல்: விருந்துக்கு அவளே வரவேண்டும். சிப்பியை மட்டும் அனுப்பித் தப்பிக்கப் பார்க்காதே என்று.

அன்புடன்
அக்கா


ஜூன் 21

அக்கா,

துக்கத்துக்கு நீ வந்திருந்தபோது உன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே இவள் சிப்பி வேகவைத்தாள். எனக்குப் பல்வலி, தொடவில்லை. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் உதட்டைத் தடவிக்கொண்டே, "ஏங்க, என் வாய் மரத்துப்போச்சு. இனி உங்களுக்கு நிம்மதிதான்" என்றாள். நான் சிரித்தேன் அக்கா. சிரித்துத் தொலைத்தேன். அப்புறம் கை மரத்தது, கால் மரத்தது. ஆஸ்பத்திரி வாசலில் மூச்சு நின்றுவிட்டது.

நீதானே தாராளமாகச் சாப்பிடச் சொன்னாய்? உன் படிப்பும் உன் இயந்திரமும் நாசமாய்ப் போகட்டும். இனி எனக்கு அக்கா கிடையாது.


ஜூன் 25

என் தம்பிக்கு,

நீ திட்டியது எனக்கு வேண்டியதுதான். மீதியிருந்த விழுதை மறுபடி சோதித்தேன். அப்போதும் கோடு எழும்பவில்லை. இயந்திரத்தின்மேல் குற்றமில்லை. நான் கேட்டிருக்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டேன். என்ன என்று கேட்காதே. பழி என்மேலேயே இருக்கட்டும்.

பண்ணையை மூடச் சொல்லி உத்தரவு வந்திருக்கும். இனி நீ சிப்பி அனுப்ப வேண்டாம், என் உதவியாளர் நேரில் வந்து எடுப்பாள். அவளோடு சண்டை போடாதே. பட்டினி கிடக்காதே.

நீ இல்லை என்று சொன்னாலும்,
உன் அக்கா


ஜூலை 10

அக்காவுக்கு,

உன் உதவியாளர் வந்தார். நான் படகை வெளிக்கயிற்றுப் பக்கம் திருப்பினேன்.

"அது அப்புறம். முதல்ல உள்கயிறு" என்றார்.

"அங்க எல்லாம் பொடிசு, ஒரே சேறு. உங்க மேடம் கைக்கு அதையா அனுப்புறது?"

அக்கா கிடையாது என்று எழுதியவன்தான். பழக்கம் விடவில்லை.

"வெளியில நீரோட்டம் பாசியை அடிச்சிட்டுப் போயிடும். உள்ள அப்படியே தேங்கி நிக்கும். நல்லதாப் பொறுக்கி அனுப்பினா நல்லதுன்னுதாங்க முடிவு வரும். சாப்பிடுறதைத்தானே சோதிக்கணும்?"

அந்தப் பெண் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் துடுப்பைக் கீழே வைத்துவிட்டேன். படகைக் கரைக்குக் கொண்டுவந்ததே அவர்தான்.

நல்லதை உனக்குப் பொறுக்கினேன். மிச்சத்தை அவளுக்குக் கொடுத்தேன். இது உனக்குத் தெரிந்துதானே இருந்தது? ஏன் அக்கா என் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டாய்? 'நீதானடா பொறுக்கி அனுப்பினாய்' என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா?

மறுநாள் போய் உள்கயிற்றில் எடுத்தோம். பொறுக்கவில்லை, தேய்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததைப் பெட்டியில் போட்டேன். உன் திரையில் கோடு எழும்பும். எவ்வளவு உயரம் என்று எனக்கு எழுதாதே.

பதிலே எழுதாதே. கிளம்பி வா. வந்து கொஞ்ச நாள் இரு. இந்த வீட்டில் பேச ஆளில்லை அக்கா.

உன் தம்பி