நிறுத்தச் சொன்ன சைரன்

மச்சான்,

இன்று காலை உன் ஆரஞ்சு உடுப்பை மாட்டிக்கொண்டேன். எத்தனை தடவை துவைத்தாலும் கச்சா எண்ணெய் வாடை அதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. உன் மனைவி செலின்தான் என்னிடம் கொடுத்தாள். "எடுத்துட்டுப் போயிடுங்கண்ணே, இந்த வாடை வந்தாலே அவரு கதவத் தட்டுற மாதிரி இருக்கு" என்றாள். வழக்கமாக அதைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடிகளில் சோலார் தகடு மாட்டுவேன். இன்று வேலைக்குப் போகவில்லை. பழி வாங்கத்தான் போட்டுக்கொண்டேன்.

கடைசி லீவில் நீ வந்திருந்தபோது வைத்திக்குப்பத்தில் படகு நிழலில் உட்கார்ந்து நெத்திலி வறுவல் தின்றோமே, அப்போது சொன்னாய். நடுக்கடலில் எண்ணெய்க்குத் துளை போடும் உங்கள் ரிக்கில், வாயு கசிந்தால் கத்துகிற சைரன் ஒன்று உண்டாம். கசிவே இல்லாதபோதும் அது அடிக்கடி கத்தித் தொலைத்ததாம். கத்தினால் வேலையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மேனேஜர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"அதான் ஆளு வச்சு ஒயரக் கழட்டிட்டான் மச்சான். எங்களுக்கும் நிம்மதியாத்தான் இருக்கு" என்று சிரித்தாய்.

"போவாதடா, எங்கூட மாடி வேலைக்கு வந்துடு" என்றேன்.

"இந்த ஒரு ட்ரிப்பு முடியட்டும், வந்துடறேன். வெயில் கசிஞ்சு எவன் செத்தான்?" என்றாய்.

வரவில்லை. வாயு கசிந்து, சைரன் கத்தாமலே எரிந்துபோன ரிக்கிலிருந்து உன்னை மூடிய பெட்டியில் கொண்டுவந்தார்கள். முகத்தைக்கூடக் காட்டவில்லை. அந்த மேனேஜர் மாலையோடு வந்தான். நீ வால்வைச் சரியாக மூடாததால்தான் விபத்து என்று செலினிடமே சொன்னான், பாவி! சொல்லிவிட்டு, கொடுத்த காபியையும் குடித்துவிட்டுப் போனான். அந்தக் கிளாசை நான் தெருவில் போட்டு உடைத்தேன்.

இப்போது நம் கடலிலும் கிணறு தோண்டப் போகிறார்களாம். இன்று காலை கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். கம்பெனி சார்பில் பேச வந்தது யார் தெரியுமா? அதே மேனேஜர். நோட்டீசிலேயே அவன் பெயரைப் பார்த்துவிட்டேன். பதவி ஏறியிருக்கிறது, தொப்பையும் போட்டிருக்கிறது.

கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்திருந்த மீன்கார அம்மா ஒருத்தர் எழுந்தார். "கடல்ல எண்ணெ கொட்டி மீனு செத்துப்போச்சுனா நாங்க எதத் தின்றது? உங்க வூட்டுல வந்து உக்காந்துக்கவா?"

"ஒரு சொட்டு கூடக் கசியாதும்மா. கசிஞ்சா அந்த நொடியே கத்திக் காட்டிக்கொடுக்கற கருவியெல்லாம் எங்ககிட்ட இருக்கு" என்றான்.

எனக்கு அது போதும். பையில் கொண்டுபோயிருந்த சைரன் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து சுவிட்சைத் தட்டிவிட்டேன். மண்டபமே காதைப் பொத்தியது. எவனோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தான். விளக்கு அணைந்தது, மைக் செத்தது, சைரன் மட்டும் கத்திக்கொண்டே இருந்தது. என் மாடித் தகட்டில் சார்ஜ் ஏற்றிய பேட்டரியில் ஓடுவதை அவன் எங்கிருந்து அணைப்பான்?

"நிறுத்துய்யா அதை! சும்மா கத்திக்கிட்டு! ஒயரப் புடுங்கு!" என்று மேனேஜர் அலறினான்.

நிறுத்தினேன். "அன்னைக்கு ரிக்குலயும் இதத்தான சார் சொன்னீங்க?" என்றேன்.

அப்போதுதான் என் உடுப்பைப் பார்த்தான். மார்பில் தைத்திருந்த உன் பெயரையும் படித்தான். முகத்தில் ஈயாடவில்லை. என்னோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த செலின் எழுந்தாள். "எம் புருஷன் மேல ஏன் பழியப் போட்ட? இப்ப சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்" என்றாள். மைக் இல்லாமலே கடைசி நாற்காலி வரை கேட்டது. அவன் பின்கதவு வழியாகக் காருக்குப் போய்விட்டான்.

திட்டம் நின்றுவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வேறு ஊரில் வேறு மண்டபம் பிடிப்பான். பிடிக்கட்டும், அங்கேயும் போவேன். நடுவில் கிடைக்கிற நாளெல்லாம் மாடி மாடியாக ஏறுவேன். ஒரு வீட்டு ஸ்கூட்டர் வெயிலில் சார்ஜ் ஏறி ஓடினால் அவன் எண்ணெய்க்கு அங்கே வேலை இல்லை. என் ஆத்திரம் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம்.

உன் உடுப்பைக் கழற்றாமலே இதை எழுதுகிறேன். சைரனை மறுபடி மாடியில் சார்ஜுக்குப் போட்டிருக்கிறேன். மதிய வெயில் சுள்ளென்று அடிக்கிறது, மச்சான்.