உன்ட அதுவா, என்ட அதுவா

மச்சான்,

வெள்ளிக்கிழமை சுபஹு தொழுதுவிட்டு வயல் வட்டைக்குப் போனேன். வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போதே அந்த மணம் மூக்கில் அடித்தது. வேரோடு புரட்டிய சேறும் பால் பிடித்த நெல்லும் கலந்த மணம். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால், உன் வயலுக்கும் என் வயலுக்கும் நடுவில் உள்ள வரம்போரமாக நாலு பாய் விரித்த அளவுக்கு வேளாண்மைப் பயிர் நாசம். இன்னும் மூன்று கிழமையில் வெட்டவேண்டிய வேளாண்மை.

நான் நிமிர்ந்து முதலில் பார்த்தது வாய்க்கால் கரை மேல் ஓடும் கட்டுப் பாதையைத்தான். நீ உன் குதிரையில் வந்து, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "உன்ட அதுவா, என்ட அதுவா மச்சான்?" என்று கேட்பாய் என்று ஒரு நினைப்பு. நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது. இன்னும் எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

அந்தக் கேள்வி நம் இருவருக்கும் மட்டும் விளங்கிய கேள்வி. எங்கள் வீட்டில் பன்றி என்ற சொல்லுக்கு இடமில்லை. இப்போது எழுதும்போதுகூட கை தயங்குகிறது. பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொண்டு வந்து ஒருநாள் நான் அதைச் சொன்னதற்கு, வாயைக் கழுவிவிட்டு வந்துதான் சோறு தின்னவேண்டும் என்று உம்மா சொல்லிவிட்டா. அன்றிலிருந்து எனக்கு அது 'அது'தான். உங்கள் பாண்டிருப்பு ஆட்களுக்கோ பன்றி என்று சொல்வதில் ஒரு கூச்சமும் இல்லை, யானைதான் பிரச்சினை. வட்டையில் கால் வைத்தால் யானை என்ற பேரை எடுக்கக்கூடாது, எடுத்தால் வந்துவிடும். ஆகவே நீங்கள் யானையை 'அது' என்பீர்கள். "ராத்திரி அது வந்து போயிருக்கு" என்று நீ சொன்னால் யானை. நான் சொன்னால் மற்றது. இருபது வருஷமாக இப்படித்தான் பக்கத்துப் பக்கத்து வயலில் கதைத்துக்கொண்டோம். மிதித்திருந்தால் உன்னுடையது, கிண்டியிருந்தால் என்னுடையது. விளங்காவிட்டால் நீ கேட்பாய், நான் சிரிப்பேன்.

உன் குதிரை என்று நான் சொல்வது அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிளைத்தான். சைலன்சர் ஓட்டை. அது சொறிக்கல்முனைச் சந்தியில் வரும்போதே இங்கே வாடிக் குடிசையில் இருக்கிற எனக்குக் கேட்கும். நீ அதில் ஏறி, ஈட்டியைக் கைப்பிடிக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு கட்டால் மெதுவாக வருவாய். பின்னால் மூன்று நாய்களும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடிவரும். மணி என்ற அந்தப் பெட்டை நாய்தான் முன்னுக்கு. வேட்டை முடிந்தால் செத்ததைப் பின்சீட்டில் டியூப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போவாய். அதனாலேயே அந்தக் குதிரையில் நான் ஏறியதில்லை. மழையில் நனைந்துகொண்டு நின்றபோதும் நீ கேட்டாய், நான் மாட்டேன் என்றேன். "உன்ட பங்கையும் நான்தான் தின்னுறன். பாவத்தையும் என்ட கணக்கில போடு" என்று நீ கேலி பண்ணுவாய்.

பங்கு இல்லாவிட்டாலும் எனக்கு ஒரு வேலை இருந்தது. வாய்க்கால் வளைவில் நிற்கிற மருதமரத்தில் ஏறி நின்று, பற்றைக்குள்ளிருந்து எந்தப் பக்கத்தால் என்ன வெளிவருகிறது என்று சத்தம் போடுவது. மற்ற வயல்காரர் சிலர் கால் பட்டால் தானே வெடிக்கிற கட்டுத்துவக்கு வைப்போம், கம்பியில் கரண்ட் விடுவோம் என்று நின்றார்கள். நீ ஒத்துக்கொள்ளவே இல்லை. "கட்டுத்துவக்குக்குப் பண்டியும் மனிசனும் ஒண்டுதான். நாய்க்கு வித்தியாசம் தெரியும்" என்று கூட்டத்தில் எழும்பிச் சொன்னாய். அதோடு அந்தக் கதை முடிந்தது.

மரத்தில் ஏறுகிறவனுக்கு நீ ஒரு பாடம் வைத்திருந்தாய். "பண்டி எண்டா நான் மேல. அது எண்டா நான் கீழ. சரியாச் சொல்லு மச்சான்." பன்றி என்றால் நீ கட்டின் மேலேயே குதிரையில் இருந்து நாய்களை ஏவுவாய். பன்றி பள்ளத்து வழியால்தான் ஓடும், பள்ளத்தில் மனிதன் நிற்கக்கூடாது. யானை என்றால் நாய்களை விசிலடித்து நிறுத்திவிட்டு, கட்டிலிருந்து வாய்க்காலுக்குள் இறங்கி மதகுக்கு அடியில் ஒளிந்துகொள்ள வேண்டும். இதை நீ எனக்குப் பத்துத் தரமாவது சொல்லியிருப்பாய். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டியிருப்பேன். அதனால்தான் என்னை நானே மன்னிக்கமுடியாமல் கிடக்கிறேன். தெரியாமல் செய்த பிழை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அன்றைக்கு நல்ல வெயில். வாய்க்கால் வறண்டு கிடந்தது. நாய்கள் பற்றைக்குள் குரைத்துக்கொண்டு நின்றன. நீ கட்டின் மேல் குதிரையில் இருந்தபடி பற்றையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அது மறுபக்கத்தால் வெளியே வந்தது, என்னுடைய 'அது'. தனியன், கொம்பு முளைத்தது போலத் தேற்றைப் பல். சத்தமே இல்லாமல் வாய்க்காலுக்குள் இறங்கி உன் முதுகுப்பக்கமாக ஓடி வந்தது. "அது வருது! பின்னால அது வருது!" என்று கத்தினேன்.

உன்ட அதுவா, என்ட அதுவா என்று கேட்க உனக்கு நேரம் இருக்கவில்லை. விசிலடித்தாய். நாய்கள் குரைப்பை நிறுத்தின. ஈட்டியைப் போட்டுவிட்டுக் குதிரையிலிருந்து குதித்து வாய்க்காலுக்குள் சறுக்கி இறங்கினாய். அது வந்துகொண்டிருந்த அதே வாய்க்காலுக்குள். மரத்தின் மேலே நின்று நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன் மச்சான். அப்போதுகூட அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. "இல்ல, இல்ல" என்று மட்டும் கத்தினேன். எது இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?

நான் இறங்கி ஓடி வருவதற்குள் மணி பாய்ந்து அதை விரட்டிவிட்டாள். உன் தொடை முழங்காலிலிருந்து மேலே கிழிந்திருந்தது. என் தலையில் கிடந்த துவாயை அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். மணி என் கையையும் உன் காலையும் மாறி மாறி நக்கிக்கொண்டு நின்றாள். உன்னை முன்னால் தூக்கி இருத்தி, பின்சீட்டில் நான் ஏறி, உன்னைச் சுற்றிக் கையைப் போட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். குதிரையில் நான் ஏறியது அன்றைக்குத்தான். வழியெல்லாம் நீ மயங்கிவிடக்கூடாது என்று எதையெதையோ கதைத்துக்கொண்டு வந்தேன். என்ன கதைத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

அடுத்த நாள் வந்தபோது நீ கட்டிலில் சாய்ந்து இருந்தாய். என் முகத்தைப் பார்த்ததும் கேட்டாய்.

"கழுவினயா?"

"ஓம்."

"ஏழு தரமுமா?"

நாய் நக்கினாலும் அது பட்டாலும் நாங்கள் ஏழு தரம் கழுவுவோம், அதில் ஒரு தரம் மண் போட்டு. நான் முதல்நாள் பின்னேரம் கிணற்றடியில் அழுதுகொண்டே கழுவினேன் என்று உனக்குச் சொல்லவில்லை. ஏழு தரமும்தான் என்றேன்.

"பொய். ஆறுதான் எண்ணியிருப்பாய். உன்ட கணக்கு எனக்குத் தெரியும்." அப்புறம் சத்தத்தைக் குறைத்துச் சொன்னாய். "சறுக்கி விழுந்தன் எண்டு எல்லாருக்கும் சொல்லியிருக்கன். நீயும் அப்பிடியே சொல்லு."

"மச்சான், நான்..."

"சறுக்கித்தான் விழுந்தன். விடு. கதை வெளிய போனா வேற மாதிரிப் போயிரும்."

உன் தமிழ் ஊரும் என் முஸ்லிம் ஊரும் ஒரு சின்னக் கதையை எவ்வளவு பெரிதாக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆகவே விட்டேன். எட்டு வருஷம் நீ நொண்டி நொண்டி வரம்பில் நடந்தாய். நீ முன்னால் நடந்தால் என் கண் உன் காலில்தான் இருக்கும். போன வருஷம் நெஞ்சு வலி என்று உன்னைக் கொண்டுபோன அன்றும், அந்தப் பழைய காயத்தாலா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை என்றார். வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் உன் குதிரை நிற்கிறது. சைலன்சர் மாற்றவில்லை. உன் மச்சினன், உன் மனைவியின் தம்பி, அதன்மேல் இருக்கிறான். இப்போது உன் வயலும் நாய்களும் அவன் பொறுப்பில்தான். என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"காக்கா, ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்கு இறங்கிறம். நீங்கதான் மரத்தில நிக்கணும்."

"எனக்கு வயசாயிட்டு தம்பி. வேற ஆளைப் பாரன்."

"உங்களைத்தான் நிப்பாட்டணும் எண்டு அத்தான் சொன்னவர். இல்லாட்டி மற்றாக்கள் கம்பியில கரண்ட் விடப் போறாங்க."

கரண்ட் என்றதும் நான் சரி என்றுவிட்டேன். சொல்லிவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நீ ஏன் என்னைச் சொன்னாய் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. அவனுக்குச் சின்னப் பிள்ளைகள் இரண்டு. மறுபடியும் என் வாய் 'அது' என்று சொன்னால்? சனிக்கிழமை கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் நின்று சொல்லிப் பழகினேன். முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு மெல்ல. பிறகு கொஞ்சம் சத்தமாக. "பண்டி. பண்டி. பண்டி."

என் மனைவி அகப்பையோடு ஓடி வந்துவிட்டாள். "யா அல்லாஹ், ஆரைப் பிடிச்சு இப்பிடி ஏசுறீங்க?"

"கோழியை" என்றேன். அவள் நம்பவில்லை. அன்று முழுக்க என்னோடு கதைக்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மருதமரத்தில் ஏறினேன். மணியின் குட்டி, அவளைப் போலவே ஒரு காது மடிந்தது, முன்னுக்குப் பற்றைக்குள் நுழைந்தது. மச்சினன் கட்டின் மேல் குதிரையில் இருந்தான், நீ இருந்த அதே இடம். பிந்தி விதைத்த பக்கத்து வயல்களில் எங்கள் பள்ளிவாசல் ஆட்கள் நாலைந்து பேர் உரப் பசளை எறிந்துகொண்டு நின்றார்கள். நாய் குரைத்தது. பற்றை ஆடியது. மறுபக்கத்தால் கறுப்பாக ஒன்று வந்து வாய்க்காலுக்குள் இறங்கியது. எனக்கு அந்த நாளேதான் திரும்பி வந்தது போல இருந்தது. வாயைத் திறந்தேன். "அ..." என்றுதான் வந்தது.

மச்சினன் குதிரையிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தான்.

"பண்டி!" என்று கத்தினேன். "பண்டி! பண்டிடா! பின்னால பண்டி! இறங்காத!"

அவன் காலை எடுத்துக்கொண்டான். நாய்கள் கட்டின் இருபக்கத்தாலும் பாய்ந்தன. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஒரு நாய்க்குக்கூடக் கீறல் இல்லை. பசளை எறிந்தவர்கள் வாளியும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இறங்காமல் இருந்தேன்.

இறங்கியதும் அவனிடம் சொல்லிவிட்டேன் மச்சான். நீ சொல்லாதே என்று சொன்னதைத்தான். "உன்ட அத்தான் சறுக்கி விழயில்ல தம்பி. அண்டைக்கு நான் பண்டியை அது எண்டு சொன்னன். யானை எண்டு நினைச்சு இறங்கினார். என்னாலதான்."

அவன் ஈட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "தெரியும் காக்கா."

"ஆர் சொன்ன?"

"அத்தான்தான். ஆஸ்பத்திரியில கடைசியாக் கதைச்சது. 'அவனைத்தான் மரத்தில நிப்பாட்டு. உலகத்தில ஒருத்தனும் அவனளவுக்குக் கவனமா நிக்க மாட்டான். ஒரு நாளைக்குச் சொல்லுவான். சொன்ன உடன வாயை ஏழு தரம் கழுவச் சொல்லு' எண்டவர்."

நான் சிரித்தேன். பிறகு அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான், நான் அழுது முடிக்கும்வரை.

ஒரு சொல்லைச் சொன்னதற்கு வாய் கழுவவேண்டும் என்று மார்க்கத்தில் இல்லை. என்றாலும் வாய்க்காலில் இறங்கினேன். இந்தப் போகம் தண்ணீர் ஓடுகிறது. நீ விழுந்த இடத்தில் முழங்கால் அளவுக்கு இருக்கிறது. இரண்டு கையாலும் அள்ளிக் கொப்பளித்தேன். சத்தமாக எண்ணினேன், மச்சினனுக்கும் கேட்க. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

ஏழாவதைக் கழுவவில்லை மச்சான். நீ சொன்ன கணக்கு ஆறுதானே. அந்த ஒன்று என்னிடம் இருக்கட்டும்.