உலக்கையின் இரண்டாவது குத்து

என் மகன் கிடேகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த மணல் தேசத்து வெயில் உன்னை வாட்டாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். மழை பிந்தியும் எள் நன்றாக வந்திருக்கிறது, வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது. உன் அக்கா லாகேர் விஷயத்தைப் போனில் பாதிதான் சொன்னேன், மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கத்து ஒலாரா, லாகேர் புருஷன் செத்ததிலிருந்தே அவள் நிலம் தன்னுடையது என்று சண்டைக்கு வந்துகொண்டிருந்தவன், ஒரு மத்தியானம் வெட்டுக்கத்தியோடு அவள் முற்றத்துக்கே வந்துவிட்டான். இவள் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு எள் இடித்துக்கொண்டிருந்தாள். அவன் கத்தியை ஓங்கியிருக்கிறான், இவள் கையிலிருந்த உலக்கையால் அடித்துவிட்டாள், அவன் செத்துப்போனான். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அடித்தது குற்றமில்லை என்று கோர்ட்டில் விட்டுவிட்டார்கள். அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் எதை இடித்தாலும், கையை நிறுத்திய பிறகு இன்னொரு குத்து கேட்கிறது. பிரமை என்று நான் திட்டினேன். பிறகு பட்டப்பகலில் பக்கத்தில் உட்கார்ந்து கீரை கிள்ளும்போது நானே கேட்டேன். உலக்கை அவள் மடியில் கிடந்தது, உரலுக்குள் ஒரு குத்து. ஆடுகள் முற்றத்து ஓரத்திலேயே நின்றுவிட்டன, இழுத்தாலும் உள்ளே வரவில்லை. தண்ணீருக்குப் போகிற இடத்தில் பெண்கள், “சட்டம் விட்டுருச்சு, செத்தவன் விடலை பாரு” என்று என் காதில் விழும்படியே பேசினார்கள். அன்றைக்குத்தான் லாகேர் என்னிடம், “அம்மா, நான் ரெண்டு தடவை அடிச்சேன். ரெண்டாவது, அவன் விழுந்த பிறகு” என்றாள். அதை வெளியே சொல்லாதே, மறுபடி ஜெயிலுக்குக் கூப்பிடுவார்கள், குழந்தையை யார் பார்ப்பது என்று நான் அவள் வாயைப் பொத்தினேன்.

பெரியவர்கள் இரண்டு குலத்தையும் உட்காரவைத்து, கொலைப்பகை தீர ஒன்றாகக் கசப்பு வேர்த் தண்ணீர் குடிக்க ஏற்பாடு செய்தார்கள். ஒலாராவின் அம்மா அபாலோவும் லாகேரும் கைகளைப் பின்னால் கட்டி ஒரே சுரைக்குடுக்கைக்குக் குனிய வேண்டும். குனிந்த அபாலோ குடிக்காமல் நிமிர்ந்து, “என் புள்ள கடைசியா என்னடி சொன்னான்?” என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லடி என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். லாகேர், “கீழே விழுந்து, ‘விடு, நான் போறேன்’னு சொன்னான் அம்மா. ஆனா அவன் கை கத்தியைத் தேடுச்சு. வாயை நம்புறதா, கையை நம்புறதான்னு தெரியல. கையை நம்பி மறுபடி அடிச்சேன்” என்றாள். அபாலோ அவள் முகத்தைப் பார்த்து, “சின்ன வயசுலயும் அவன் அப்படித்தான். வாய் ஒண்ணு சொல்லும், கை ஒண்ணு செய்யும். அன்னைக்கு எது நெஜமோ, எனக்கும் தெரியாது” என்று சொல்லி, முதலில் அவளே குனிந்து குடித்தாள்.

இப்போது அந்தச் சத்தம் இல்லை. ஆனாலும் லாகேர் ஒவ்வொரு தடவை இடித்து முடித்ததும் உலக்கையைப் பிடித்தபடி காதைக் கொடுத்து நிற்கிறாள். கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.

மகனே, அங்கே உன் கையில் துப்பாக்கி கொடுத்து வாசலில் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். உன் உயிருக்கு ஆபத்து வந்தால் நீ சும்மா நிற்க வேண்டும் என்று பெற்றவள் சொல்லமாட்டேன், நீ எனக்கு உயிரோடு வேண்டும். ஆனால் விழுந்தவன் போகிறேன் என்றால், அவன் கை வெறுங்கையா என்று ஒரு தடவை பார். அந்த ஒரு பார்வைக்கு நேரம் கிடைக்காமல் போனால், மறைக்காமல் என்னிடம் வா, அந்த வேர் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் போடு, அவள் பேசாவிட்டாலும் வைத்துவிடாதே. நம் முன்னோர் உன் முன்னும் பின்னும் நடக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
லமுனு