காணாக்கடி என்று நாம் சொன்னது

இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனி லைனில் எனக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் சாமல்பட்டிக்காரி சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். முழங்கை வரை சிவந்து, திட்டுத் திட்டாய்த் தடித்திருந்தது. "காணாக்கடிக்கா. ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்" என்றாள். "புதுசா ஏதாச்சும் மாத்திரை போட்டியா? ஊசி போட்டாங்களா?" என்று நான் போட்ட சத்தத்தில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. பல்வலிக்கு மாத்திரை போட்டிருந்தாளாம். கம்பெனி நர்ஸிடம் அவளை இழுத்துக்கொண்டு போய், அந்த மாத்திரையின் பெயரை எழுதி வாங்கிக் கொடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நீ இருந்திருந்தால், "ஏமே, டாக்டரம்மா ஆயிட்டியா?" என்று கேலி செய்திருப்பாய்.

ஓசூரில் ஒரே அறையில் ஆறு வருடம் இருந்தோம். நான் மத்தூர், நீ வேப்பனப்பள்ளிப் பக்கம். வீட்டோடு தெலுங்கு, சூப்பர்வைசரோடு கன்னடம், என்னோடு தமிழ் என்று மூன்றிலும் வாயாடுவாய். படிப்பதென்றால் மட்டும் எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் ரேஷன் கார்டோ பி.எஃப். பாரமோ, நான்தான் எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது.

வயிற்று வலிக்குப் பெங்களூரில் முதல் ஸ்கேன் எடுத்துவிட்டு நீ தனியாக பஸ்ஸில் திரும்பிய நாள் நினைவிருக்கிறதா? அத்திப்பள்ளி வருவதற்குள் அரிப்பு தொடங்கிவிட்டதாம். கழுத்தெல்லாம் தடிப்போடு வந்து நின்றாய். "பஸ் சீட்ல மூட்டைப்பூச்சிடி" என்றாய். "காணாக்கடிதான்" என்று நானும் தீர்ப்புச் சொல்லி, வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுத்தேன். சாயங்காலம் அடங்கிவிட்டது. ஸ்கேனுக்காகக் கையில் மருந்து ஏற்றியதை இருவருமே யோசிக்கவில்லை. கடித்தது பூச்சி என்று பேர் வைத்தாகிவிட்டது, பிறகென்ன யோசனை?

அடுத்த வருடம் வலி திரும்பி வந்தது. கல்லீரலில் ஏதோ தெரிகிறது, மருந்து செலுத்தி ஸ்கேன் எடுத்தால்தான் தெளிவாகும் என்றார் இங்குள்ள டாக்டர். ரத்தம் எடுத்துச் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். அவர்கள் சொன்னபடி வெறும் வயிற்றோடு வந்திருந்தாய். ஸ்கேனுக்கு முன் நிரப்பச் சொன்ன பாரத்தை நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒவ்வாமை உண்டான்னு போட்டிருக்குடி."

"அப்படின்னா என்னா?"

"சாப்பிடறது ஏதாச்சும் ஒத்துக்காம போறது."

"எனக்கா? கல்லைத் தின்னாலும் செரிக்கும்" என்று சிரித்தாய். இல்லை என்று எழுதினேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்டா என்று கேட்டிருந்தது, அதற்கும் இல்லை. அதற்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது.

உள்ளே போகுமுன் அந்த டெக்னீஷியன் பொறுமையாகத்தான் சொன்னார். "மருந்து போறப்ப உடம்பு முழுக்கச் சூடு பரவும், வாயில இரும்பு மாதிரி ருசிக்கும், யூரின் போயிட்ட மாதிரி தோணும். அது எல்லாருக்கும் வர்றது, ஒரு நிமிஷத்துல போயிடும். அரிப்போ மூச்சு முட்டலோ வந்தா உடனே கூப்பிடுங்க." நீ கூப்பிட்டாய். கதவு திறந்து நர்ஸுகள் ஓடியதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். உன் முகம் வீங்கி, உதடு உன் உதடாகவே இல்லை. ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். ஸ்கேன் பாதியில் நின்றது.

"முன்னாடி இப்படி வந்திருக்கா? பாரம் யாரு எழுதினது?" என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாய் திறக்குமுன், "நான் சொன்னதைத்தான் இது எழுதிச்சி மேடம். அன்னிக்கு வந்தது காணாக்கடின்னு நெனச்சிட்டேன்" என்று குழறியபடி நீ சொன்னாய். பிறகு மருந்து மயக்கத்தில் தூங்கிப்போனாய்.

அவர் என்னிடம் சொன்னார்: "இனி எங்க போனாலும் இதை முதல்ல சொல்லணும். பயந்துட்டு நிறுத்திடாதீங்க. முன்கூட்டியே மாத்திரை குடுத்து, மருந்தை மாத்திப் போட்டு எடுக்கலாம். இல்லன்னா வேற மாதிரி ஸ்கேன் இருக்கு. ரெண்டு வாரத்துல கூட்டிட்டு வாங்க. எழுந்ததும் அவங்ககிட்ட சொல்லிடுங்க."

நீ எழுந்ததும் நான் சொன்னது ஒன்றுதான். "அந்த ஸ்கேன் ஊசி உனக்கு ஆகாதாம்."

இரண்டு வாரம் கழித்து, டாக்டர் வரச் சொன்ன நாள் என்றதும், "மறுபடியும் அந்த மெஷினா? சத்தியமா மாட்டேன்டி" என்றாய். நான் வற்புறுத்தவில்லை. ஐந்து மாதத்தில் உன் கண் மஞ்சளாகிவிட்டது. அன்றே எடுத்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

இப்போது ஸ்கேனுக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "முன்னாடி எடுத்தப்ப தடிச்சுதா, அரிச்சுதா?" என்று கேட்டுவிடுகிறேன். நல்லவள் என்று பேர் எடுத்திருக்கிறேன்.

உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அந்தக் கீழ்க் கேள்வி, 'இதற்கு முன் மருந்து செலுத்தி ஸ்கேன் எடுத்தபோது தொந்தரவு ஏற்பட்டதா' என்பது. அதை உனக்கு நான் படித்தே காட்டவில்லை. எனக்குத் தெரியாததா என்று நானே 'இல்லை' போட்டேன். நீ சொல்லாததைச் சொன்னதாக ஏற்றுக்கொண்டு என்னைக் காப்பாற்றினாய். திரும்பப் போனால் அந்தப் பாரத்தை எடுத்து உனக்குப் படித்துக் காட்டிவிடுவார்கள் என்று பயந்தேன். அதனால்தான் நீ மாட்டேன் என்றதும், "சரி, வுடுடி" என்றேன்.